பதின்மூன்றாம் படி

சாயங்காலம் ஐந்தேகால் மணி. நவம்பர் மாதம். வர்ஜீனியாவில் அந்த நேரத்துக்கே இருட்டு மரத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிடும். பெருஞ்சாலையை விட்டுத் திரும்பினால் லார்க்மோர் மாளிகைக்குப் போகும் சரளைப் பாதை... ஒன்றரை மைல். இரண்டு பக்கமும் சிடார் மரங்கள். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. டயருக்கு அடியில் கல் நெரிபடும் சத்தம் மட்டும்தான்.

அந்தப் பாதையில் ஒரு மனிதர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் மாளிகைக்குப் போனார். மறந்து வைத்துவிட்ட ஒரு இழைப்புளிக்காக.

விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள்... ஆம், போதும். கதவுப் பக்கம் இருப்பவர்கள் நெருங்கி வாருங்கள். இது யாரோ கட்டிவிட்டது இல்லை. நம் வெர்னெல் இருக்கிறாளே, அவளுடைய தாய்மாமன் ஹோரஸ் டன்ஸ்டலுக்கு நடந்தது. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். கேட்டால் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

ஹோரஸ் மாடிப்படித் தச்சர். அப்போது ஐம்பத்தெட்டு வயது. பெரிய கை, சின்னக் குரல். பணக்காரர்கள் பழைய பண்ணை மாளிகைகளை வாங்கிப் புதுப்பிக்கும்போது கூப்பிட்டு அனுப்புவார்களே, அந்த ஆள். கறுப்பர்களை அடிமையாக வைத்துக் கட்டிய வீடுகளை ஒரு கறுப்பர் நாற்பது வருடமாக இழைத்து, ஒட்டி, மெருகேற்றிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் முன்வாசல் வழியாக வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவது அவர் வழக்கம்.

லார்க்மோரை வாங்கியவர் கொரின் லாத்ரப். கனெக்டிகட் பக்கத்து வக்கீல், ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலையாட்களுக்குக் காபி தன் கையால் ஊற்றிக் கொடுப்பார். எல்லாரையும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். ஆனால் அவர் வாயில் ஒரே ஒரு சொல் குடியிருந்தது. 'இருந்தபடியே.'

வீடு 1804இல் கட்டியது. செங்கல் கட்டடம், முகப்பில் நான்கு வெள்ளைத் தூண்கள், வாசலுக்கு மேலே விசிறி விரித்த மாதிரி கண்ணாடி. முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தால் நடுக்கூடம் வழியாகக் காற்று ஓடும். சுவரில் பன்னிரண்டு பூச்சு வண்ணத்தைச் சுரண்டி, அடியில் இருந்த முதல் பச்சையைக் கண்டுபிடித்துச் சாப்பாட்டு அறைக்கு அதே பச்சையை அடிக்கச் செய்தார் கொரின். பூட்டுகூட அந்தக் காலத்து இரும்புப் பூட்டு. எல்லாம் இருந்தபடியே... சமையல்கட்டைத் தவிர. பின்புறம் தனியாக நின்ற அந்தச் செங்கல் சமையல்கட்டை மட்டும், வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று, மணப்பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளும் அறையாக மாற்றிவிட்டார். அடுப்பு இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி.

அந்த அக்டோபரில்தான் சாப்பாட்டு அறைச் சுவரைத் தட்டிப் பார்த்த கொத்தனார் ஒருவர், உள்ளே பொள்ளல் இருக்கிறது என்றார். சுண்ணாம்புப் பூச்சை உடைத்தார்கள். உள்ளே ஒரு மாடிப்படி.

நிலவறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு ஏறும் படி. அகலம் இரண்டடிகூட இல்லை. கைப்பிடி கிடையாது, ஜன்னல் கிடையாது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. சமையல்கட்டிலிருந்து நிலவறை வழியாகச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு, விருந்தாளிகள் கண்ணில் படாமல் மேலே வருவதற்காகச் செய்தது. தட்டு மட்டும் தெரிய வேண்டும், தூக்கி வந்த ஆள் தெரியக் கூடாது... அதற்கென்றே ஒரு கட்டடக்கலை.

படிப் பலகைகள் எல்லாம் உளுத்துக் கொட்டிவிட்டன. பக்கப் பலகைகள் மட்டும் மிச்சம். அவற்றில் ஒவ்வொரு படியும் உட்காரும் வெட்டு அப்படியே இருந்தது. பதினாறு படி. ஹோரஸ் டார்ச் அடித்து அளவெடுத்துக்கொண்டே போனவர், பதின்மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"மேடம், இங்க வந்து பாருங்க. மத்த படியெல்லாம் எட்டங்குலம். இது ஒண்ணு மட்டும் ஒன்பதேகால்."

"அதனால என்ன, மிஸ்டர் டன்ஸ்டல்?"

"அரை அங்குலம் கூடினாலே கால் தட்டும். ஆளோட பாதம் எட்டுன்னு பழகிட்டு வரும், கண்ணு பாக்காது. அதுலயும் கையில பாரம் இருந்தா... இது அந்தக் காலத்துல எவனோ தப்பா வெட்டினது. நான் சரி பண்ணிடறேன்."

கொரின் அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். புன்னகை வந்தது.

"வேண்டாம். அந்தத் தப்புதான் இந்த வீட்டோட கையெழுத்து. இருந்தபடியே வையுங்க."

அப்புறம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். வீட்டின் பழைய தாள்களில் கிடைத்ததாம். 1811இல் அந்த வீட்டு எஜமானி தன் அக்காவுக்கு எழுதியது. விருந்து நாளில் ஒரு பெண் படியில் விழுந்து, பிரான்சிலிருந்து வந்த நீலப்பூப் போட்ட சூப் பாத்திரத்தை உடைத்துவிட்டாள். மூடி மட்டும் தப்பியது. இனி அப்படி ஒன்று எங்கே கிடைக்கும், அழுகையாக வருகிறது... இப்படி ஒன்றரைப் பக்கம். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது கடைசியில் பாதி வரி. 'கொதி சூப் மேலே கொட்டிவிட்டது, வியாழக்கிழமை அடக்கம் செய்தோம்.'

"பாவம் இல்ல?" என்றார் கொரின்.

"எது மேடம்?" என்றார் ஹோரஸ்.

ஆனாலும் அவர் செய்தார். அதற்காகத்தான் பிற்பாடு அவரால் தன்னையே மன்னிக்க முடியவில்லை என்பாள் வெர்னெல். நல்ல வெள்ளை ஓக் பலகை. பதினாறு படி. பதின்மூன்றாவது ஒன்பதேகால் அங்குலம், மயிரிழை பிசகாமல்.

நவம்பர் நடுவில் மரவேலை முடிந்தது, மெருகு மட்டும் பாக்கி. அன்றைக்குத்தான் இழைப்புளியை மறந்தது.

கொரின் ஊரில் இல்லை. ஹோரஸிடம் சாவி இருந்தது. நிலவறைக் கதவைத் திறந்து உள்ளே போனார். விளக்குப் போடவில்லை, டார்ச் இருந்தது. இழைப்புளி படிக்கு அடியிலேயே கிடந்தது. குனிந்து எடுத்தார்.

முதலில் வாசனை. வெந்த வெங்காயம்... விறகுச் சாம்பல்... நனைந்த கம்பளித் துணி. புது ஓக் வாசனையை அமுக்கிக்கொண்டு வந்தது.

அப்புறம் சத்தம்.

தப்... தப்... தப்...

வெறுங்கால். முதல் படி, இரண்டாம் படி. அவசரமும் இல்லை, நிதானமும் இல்லை. பாரம் தூக்கியவர்கள் ஏறுவார்களே, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வைத்து... அப்படி. டார்ச் வெளிச்சம் படியின் மேல்தான் இருந்தது. படி காலியாக இருந்தது. பலகை மட்டும் ஒவ்வொன்றாக லேசாக முனகியது. ஹோரஸ் தொழில் பழக்கத்தில் எண்ணினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

அவ்வளவுதான்.

விழும் சத்தம் இல்லை. அலறல் இல்லை. பன்னிரண்டோடு நின்றது. வாசனையும் போய்விட்டது.

அவர் ஓடவில்லை. இழைப்புளியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, வண்டியில் ஏறி, சிடார் மரங்கள் முடியும்வரை பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார். பழைய வீட்டு மரம், குளிருக்குச் சுருங்கும்... தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போட்டு ஒரு வாரம்கூட ஆகாத மரம்.

மறுநாளும் ஐந்தேகாலுக்கு அவர் அங்கே இருந்தார். அதற்கடுத்த நாளும். தினமும் ஏறும். பன்னிரண்டு. இறங்கும் சத்தம் ஒருநாளும் கிடையாது.

மூன்றாவது வாரம், மெருகு போடுவதற்காகப் படியைத் துடைத்தபோது கை எதையோ உணர்ந்தது. இரும்பு அளவுகோலைப் பலகையின் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் வைத்தார். நடுவில் வெளிச்சம் கசிந்தது. பலகை நடுவில் குழிந்திருந்தது. ஓக் மரத்தில், மூன்றே வாரத்தில், ஒரு நாணயம் படுக்கும் ஆழத்துக்குப் பள்ளம். கோயில் வாசல்படியில் தலைமுறை தலைமுறையாகத் தேயுமே, அந்த வழவழப்பு. முதல் படியிலிருந்து பன்னிரண்டாவது வரை அப்படி. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு... இழைப்புளி விட்டபடி அப்படியே தட்டையாக இருந்தன.

கொரின் ஊரிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். கைகளைத் தட்டிக்கொண்டார்.

"அடேயப்பா! இருநூறு வருஷத் தேய்மானம்! எப்படிச் செஞ்சீங்க இத?"

"நான் செய்யல."

"ரொம்ப அடக்கம் உங்களுக்கு."

"மேடம், சத்தியமா நான் செய்யல. சாயங்காலம் யாரோ ஏறறாங்க. அஞ்சேகாலுக்கு இங்க வந்து நின்னு பாருங்க."

கொரின் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். ஏளனமாக இல்லை, அன்பாகவே. அதுதான் ஹோரஸுக்கு அதிகம் உறைத்தது.

"பழைய வீடுன்னா ஒரு கதை வேணும்தான். விருந்தன்னிக்கு இத எல்லாருக்கும் சொல்லுங்களேன்."

விருந்து என்றதும் என்ன விருந்து என்று ஹோரஸ் கேட்டார். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, இருபத்துநான்கு பேர், மெழுகுவர்த்தி வெளிச்சம், பழைய முறைப்படி. நிலக்கடலை சூப், உப்பிட்ட பன்றித் தொடை, எல்லாம் அந்தப் படி வழியாகத்தான் மேலே வரும். இருந்தபடியே.

அன்று இரவு ஹோரஸ் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவருடைய மகள் ரமோனா சொன்னாள். இருபத்துநான்கு வயது, விருந்து நடத்தித் தரும் ஒரு கம்பெனியில் பரிமாறும் வேலை.

"அப்பா, உன் பெரிய வீட்டு வேலை எங்களுக்குத்தான் வந்திருக்கு. நீலப்பூப் போட்ட சூப் பாத்திரமாம், ஏலத்துல எடுத்தாங்களாம். நான்தான் தூக்கிட்டு வரணுமாம். கடலை சூப்! அந்தம்மா எனக்கு வெள்ளை ஏப்ரன் தெச்சு வெச்சிருக்கு, அந்தக் காலத்து மாதிரியே."

"நீ போக வேண்டாம்."

"ஏன்? ஏப்ரன் எனக்கு நல்லா இருக்காதா?"

"ரமோனா."

"நீ நாப்பது வருஷமா அவங்க வீட்டப் பளபளன்னு பண்ணலாம். நான் ஒரு நாள் சூப் தூக்கினா தப்பா?"

அவள் சொன்னதில் பிழை இல்லையே.

விருந்தன்று காலை, யாருக்கும் சொல்லாமல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு லார்க்மோர் போனார். கொரின் பூ வாங்கப் போயிருந்தார். பன்னிரண்டாம் படிக்கு மேல் இருந்த நான்கு படிகளையும் கழற்றினார். பழைய பக்கப் பலகையில், 1804இல் எவனோ வெட்டிய வெட்டை உளியால் கீழே இறக்கினார். கூடுதலாக இருந்த ஒன்றேகால் அங்குலத்தை நான்கு படிகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். கால் அறியாது, கண்ணும் அறியாது. மத்தியானம் ஆகிவிட்டது. இருநூறு வருடம் ஒருவருக்கும் தோன்றாத வேலை. அரை நாள்தான் பிடித்தது.

சாயங்காலம் அவர் நிலவறையில் நின்றார். மேலே பேச்சும் சிரிப்பும் கேட்டன. ரமோனா ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஆவி பறக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவைப் பார்த்துக் கண் அடித்தாள். ஏறத் தொடங்கினாள்.

டக்... டக்... அவள் பூட்ஸ்.

அதற்கு ஒரு படி முன்னால்... தப்... தப்... வெறுங்கால்.

ஹோரஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டால் அவள் திரும்புவாள், திரும்பினால் தடுமாறுவாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு எண்ணினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்று.

தப். டக்.

பதினான்கு. பதினைந்து. பதினாறு.

மேலே கதவு திறக்கும் சத்தம். அவர் அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் ஈரம். எதற்காக அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது ரமோனா சொன்னாள்: "மேல யாரோ எனக்காகக் கதவத் திறந்து புடிச்சாங்கப்பா. நான் தேங்க்ஸ் சொன்னேன். ஆனா கதவுகிட்ட யாரும் இல்ல." ஏப்ரனை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. நான் மேஜையோட அந்தக் கோடியில பரிமாறிட்டு இருக்கேன். அந்தம்மா இந்தக் கோடியில தோள் பக்கம் திரும்பி, 'போதும், எனக்குப் போதும்'னு சொல்றாங்க. பின்னாடி சுவர்தான் இருக்கு."

மறுநாளே கொரினுக்குப் படி விஷயம் தெரிந்துவிட்டது. அளவுகோல் வைத்துப் பார்க்கும் பெண்மணி அல்லவா. போன் செய்தார்.

"இருநூறு வருஷமா யாரும் கை வைக்காத ஒண்ண நீங்க வெட்டிட்டீங்க."

"ஆமா மேடம். யாரும் கை வைக்கல."

அதோடு அவருக்கும் அந்த வீட்டுக்கும் ஆயிற்று என்றுதான் நினைத்தார்.

பிப்ரவரியில் மறுபடியும் போன். பழைய அதட்டல் இல்லை, தேய்ந்த குரல். "தரைப்பலகை கெட்டுப் போச்சு, மிஸ்டர் டன்ஸ்டல். வேற ஆளக் கூப்பிட எனக்கு... தயவுசெஞ்சு வாங்க."

போனார். கொட்டும் குளிர். வீட்டின் அத்தனை ஜன்னல்களும் திறந்து கிடந்தன. உள்ளே நுழைந்ததும் காரணம் புரிந்தது. வெந்த வெங்காயம், சாம்பல், நனைந்த கம்பளி.

சாப்பாட்டு அறையில், படிக்கதவிலிருந்து ஒரு தடம் கிளம்பியிருந்தது. மாடு நடந்து நடந்து வயலில் விழும் ஒற்றையடிப் பாதை மாதிரி, பைன் பலகையில் வழவழவென்று ஒரு பள்ளம். நேரே மேஜையின் தலைமாட்டுக்குப் போய், கொரினின் நாற்காலிக்குப் பின்னால் முடிந்தது. முடிந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். சின்னக் குழிகள். பெருவிரல் பதிந்த இடம்கூடத் தெரிந்தது. நாற்காலியைப் பார்த்து நின்ற பாதங்கள்.

"நாற்காலிய மாத்திப் போட்டேன்," என்றார் கொரின். "குழியும் மாறிடுச்சு. கீழ சாப்பிடறதையே விட்டுட்டேன். மேல என் ரூம்ல இருக்கேன்."

மேலே கூட்டிப்போனார். கட்டிலுக்கு அருகில், தலையணைப் பக்கம்... இரண்டு குழிகள்.

ஹோரஸ் முழங்கால் போட்டு உட்கார்ந்து, குழியில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அறை ஐஸ் மாதிரி இருந்தது. அந்தக் குழி மட்டும், இப்போதுதான் ஒருவர் காலை எடுத்ததுபோல வெதுவெதுவென்று இருந்தது.

"அந்தப் படிய பழையபடி வெச்சுடுங்க," என்றார் கொரின். "ஒன்பதேகால் அங்குலம். அப்ப அவளால மேல வர முடியாது."

ஹோரஸ் எழுந்து நின்றார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"மறுபடியும் அவளத் தினமும் விழ வைக்கச் சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல... எனக்குத் தூக்கம் இல்ல. அவளுக்கு என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். உத்தரவுக்காக நிக்கறா. 'போ'ன்னு சொல்ற வரைக்கும் நிக்கணும்னுதானே பழக்கியிருப்பாங்க."

"எத்தனையோ தடவ சொல்லிட்டேன். போன்னு கத்திக்கூட பாத்துட்டேன்."

"யாரப் போன்னு சொன்னீங்க? பேர் சொல்லிச் சொல்லுங்க."

கடிதத்தில் பெயர் இல்லையே. பாத்திரம் எந்த ஊரில் செய்தது, பூ என்ன பூ, விளிம்பில் எத்தனை தங்கக் கோடு... எல்லாம் இருந்தது.

கொரின் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்த வீட்டின் பழைய சொத்துப் பட்டியல். ஏர்மாடுகளுக்கும் செப்புப் பானைகளுக்கும் நடுவே நாற்பத்தோரு பெயர்கள். வெறும் பெயர்கள், குடும்பப் பெயர்கூடக் கிடையாது.

"உங்க ஆளுங்க இந்தப் பக்கம்தானே, மிஸ்டர் டன்ஸ்டல்? இதுல உங்களுக்குத் தெரிஞ்ச பேர் ஏதாவது..."

ஹோரஸ் படித்துக்கொண்டே போனார். முப்பத்தொன்றாவது பெயரில் கண் நின்றது. ஜூடித், சமையல். அவர் வீட்டில் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த ஒரே மூதாதையின் பெயர் அது. அதற்கு முன்னால் இருந்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் இந்த வீட்டுத் தாளில் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இல்ல மேடம். யாரும் இல்ல."

கொரினின் வாயில் அந்தப் பெயர் வர வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. கீழே இறங்கினார். கொரின் பின்னாலேயே வந்து, கதவைச் சாத்தி, அந்த இரும்புப் பூட்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டும் சத்தம் கேட்டது.

வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகப் போனார். மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கொரின் பட்டியலை வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு பெயராக, நடுவில் ஒரு இடைவெளி விட்டு.

"டில்சி..."

ஹோரஸுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட வந்ததாம். நாற்பத்தொன்றில் ஒன்று அவளாகத்தானே இருக்கும். பெயர் சொன்னால் போய்விடுவாள்.

"இதோ வரேம்மா."

சின்னப் பெண்ணின் குரல். மாடியிலிருந்து இல்லை. அவருக்குப் பின்னாலிருந்து... சமையல்கட்டுப் பக்கமிருந்து. சரளையில் வெறுங்கால்கள் ஓடி வந்தன. வண்டியின் ஓரமாகவே கடந்து, முகப்புப் படி ஏறி, பூட்டிய கதவு வரைக்கும் போய்... அப்புறம் உள்ளே, நடுக்கூடத்துப் பலகையில் கேட்டன.

"பொம்ப்பே..."

"வந்துட்டேங்க." இது ஆண் குரல். வயல் பக்கம்.

"ஃபிலிஸ்..."

"இதோம்மா."

பெயர் சொன்னால் போவார்கள் என்று நினைத்தாரே. அந்த வீட்டில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எதற்காக? போகச் சொல்லவா?

ஹோரஸ் வண்டியிலிருந்து குதித்தார். "படிக்காதீங்க! மேடம், நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிக் கதவில் இரண்டு கையாலும் இடித்தார். அந்தக் காலத்து ஓக் கதவு. அசையவில்லை. இடிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். யார் இடிப்பதாகக் கொரின் நினைத்தாரோ... குரல் உடைந்தது, வாசிப்பு வேகம் பிடித்தது. இவர் இடிக்க இடிக்க, அவர் இன்னும் வேகமாக, இடைவெளி இல்லாமல், ஜெபம் மாதிரி வாசித்தார். சரளை முழுக்கக் காலடிகள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குழந்தைகள்கூட. எல்லாரும் இவரைக் கடந்து போனார்கள். தோளில், கையில், கம்பளி உரசியது. ஈரமாக.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசல்படியில் குந்திவிட்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். முப்பத்தொன்றாவது பெயர் காதில் விழவில்லை. பதில் குரலும் விழவில்லை. அதை மட்டும் அவர் தப்பிவிட்டார்.

ஆனால் மெதுவாக நடந்து வந்த ஒருவர், முழங்கால் வலிக்காரர்கள் உயரமான படி ஏறுவதற்கு முன் எதையாவது பிடிப்பார்களே... அப்படி அவர் தோளில் கையை ஊன்றி, பாரத்தை இறக்கி, ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே ஏறிப் போனார்.

கை வெதுவெதுப்பாக இருந்தது. விட்டுப் போவதற்கு முன், தோளை இரண்டு முறை தட்டிக் கொடுத்தது.